பாக்கெட்டா, வீட்டுச் சமையலா? நாய், பூனை வளர்ப்பவர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்கள்

செல்லப் பிராணிகளின் சாப்பாடு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லிப் போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: கடையில் பாக்கெட் வாங்குவதா, வீட்டிலேயே சமைத்துப் போடுவதா? அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் நாட்டு நாய்க்கு மூன்று வயது, பத்து கிலோ இருக்கும். காலையில் தயிர்சாதம், ராத்திரி வீட்டில் என்ன இருக்கிறதோ அது, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கறி. பக்கத்து வீட்டுப் பெண், "ஆன்ட்டி, இதெல்லாம் நாய்க்கு ஆகாது, பாக்கெட் வாங்கிப் போடுங்க" என்கிறாள். என் வீட்டுக்காரர், "எங்க ஊர்ல கஞ்சி குடிச்சே நாய் நல்லாத்தான் இருந்துச்சு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது டாக்டர்?
வாசகி, தஞ்சாவூர்

வீட்டுச் சாப்பாடே நாய்க்கு ஆகாது என்று சொல்வது தப்பு. ஆனால் உங்கள் நாய் இப்போது சாப்பிடுவது அதற்காகச் சமைத்த சாப்பாடு இல்லையே அம்மா, நீங்கள் சாப்பிட்டதில் மிஞ்சியது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பிரச்சினையே ஆரம்பிக்கிறது.

வளர்ந்த நாயின் சாப்பாட்டில், தண்ணீரை நீக்கிவிட்டுப் பார்த்தால், குறைந்தது 18 சதவீதம் புரதம் இருக்க வேண்டும் என்பது பிராணி உணவுக்கு அளவுகள் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வைத்திருக்கும் அளவு, பல நாடுகளில் பாக்கெட் உணவு தயாரிப்பவர்கள் பார்த்துக்கொள்வது இதைத்தான். வெறும் சோற்றில் அது 8 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கிறது. இரண்டு பங்கு சோற்றுக்கு ஒரு பங்கு தயிர் விட்டுப் பிசைந்தாலும் 12-ஐத் தாண்டுவது கஷ்டம். வயிறு நிறைந்துவிடும், நாயும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து கிண்ணத்தை நக்கிவிட்டுப் போகும், ஆனால் தசைக்கும் தோலுக்கும் ரோமத்துக்கும் வேண்டியது உள்ளே போயிருக்காது. ரோமம் பொலிவில்லாமல் முரட்டுத்தனமாக இருப்பது, விடாமல் சொறிவது, இடுப்பு அகலமாகிக் கொண்டே போனாலும் தொடைச் சதை மட்டும் இளைப்பது, இதெல்லாம் தயிர்சாத நாய்களிடம் நான் அடிக்கடி பார்ப்பவை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் ஊர் நாய் கஞ்சியை மட்டுமா குடித்தது? வயலில் எலி பிடித்திருக்கும், ஓணான் பிடித்திருக்கும், ஆடு அறுக்கிற இடத்தில் போய் எலும்பும் குடலும் தின்றிருக்கும். கஞ்சி அதற்குக் கிடைத்ததில் ஒரு பங்கு, அவ்வளவுதான். கதவுக்குள் வளரும் நாய்க்கு அந்த வழியெல்லாம் கிடையாது, நாம் வைப்பதுதான் அதற்கு எல்லாம்.

அதற்காகச் சோறே கூடாது என்று பயப்பட வேண்டாம். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நகல்கள் அதிகம் என்று 2013-ல் நேச்சர் இதழில் ஆய்வே வந்திருக்கிறது. மனிதனோடு வாழ்ந்து வாழ்ந்து தானியம் தின்னப் பழகிய பிராணி அது. சோறு இருக்கட்டும், அது மட்டுமே இருப்பதுதான் கூடாது.

சரி, வீட்டிலேயே செய்வதென்றால் எப்படி? உங்கள் நாய் கருத்தடை செய்து வீட்டோடு இருப்பது என்றால், பத்து கிலோவுக்கு ஒரு நாளைக்கு 600 கலோரி சொச்சம் தேவைப்படும். எலும்பில்லாத கோழிக்கறி வேகவைத்து 150 கிராம், சாதம் 200 கிராம், பரங்கிக்காயோ கேரட்டோ பீன்ஸோ ஒரு கைப்பிடி, எண்ணெய் ஒரு டீஸ்பூன். இதை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் கலோரிக் கணக்கு ஏறக்குறைய சரியாக வந்துவிடும். அயோடின் உப்பு ஒரு சிட்டிகை போதும், மிளகாய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் வேண்டாம்.

இங்கேதான் நிறைய பேர் நிறுத்திவிடுகிறார்கள். கறியும் சோறும் போட்டாச்சு, முடிந்தது என்று. கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் சொற்பம். நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸ் அளவுக்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ இருக்க வேண்டும். அது குறைந்தால் உடம்பு ரத்தத்தில் கால்சியத்தைச் சரிக்கட்ட எலும்பிலிருந்து உருவி எடுக்க ஆரம்பித்துவிடும், இது வெளியே தெரிய மாதக்கணக்காகும். அதனால் முட்டை ஓட்டைக் கழுவி, வெந்நீரில் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக, கையில் தேய்த்தால் நெறநெறக்காத அளவுக்கு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன ஒரு நாள் சாப்பாட்டுக்கு அரை டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவான பொடி போதும். வாரத்தில் ஒருநாள் கோழி ஈரல் ஒரு சின்னத் துண்டு, இன்னொரு நாள் வேகவைத்த மத்தி, ஒன்றிரண்டு நாள் அவித்த முட்டை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். இவ்வளவு செய்தாலும் துத்தநாகம், தாமிரம், வைட்டமின் டி, ஈ இவையெல்லாம் குறையத்தான் செய்யும், அதற்கு நாய்க்கென்று வரும் வைட்டமின், தாது மாத்திரையோ பொடியோ உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் மிரட்டுவதாக நினைக்காதீர்கள். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய்ச் சமையல் குறிப்புகளை எடுத்துச் சோதித்து 2013-ல் வெளியிட்டார்கள். அதில் 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஒரு முக்கியச் சத்தாவது குறைவாக இருந்தது. அந்தக் குறிப்புகளில் மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன. வீட்டுச் சமையலில் அன்பு இருப்பதால் சத்தும் தானாக வந்துவிடாது, அளந்துதான் போட வேண்டும்.

இவ்வளவையும் தினமும் செய்ய உங்களுக்குப் பொழுது இருக்கிறதா? இருந்தால் செய்யுங்கள், நல்ல சாப்பாடு. இல்லையென்றால் முழுமையான உணவு என்று போட்டிருக்கும் பாக்கெட்டை வாங்கி, மனதில் எந்தக் குறையும் இல்லாமல் போடுங்கள். தயிர்சாதத்தையும் ரசம் சாதத்தையும் மட்டும் நம்பாதீர்கள்.

எங்கள் பூனை மீன் தவிர எதையும் தொடாது. தினமும் சாளை மீன் வேகவைத்துச் சோற்றோடு பிசைந்து வைப்போம், மீனை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுச் சோற்றை விட்டுவிடும். பாக்கெட் உணவு வைத்தால் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. இப்படியே விடலாமா?
வாசகர், நாகர்கோவில்

விட வேண்டாம். நாய்க்கு வீட்டுச் சமையல் முடியும் என்று சொன்ன நான் பூனைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். பூனை முழுக்க முழுக்க மாமிச உணவில் வாழும் உடம்போடு பிறந்தது. நாம் கேரட் தின்றால் அதிலிருந்து உடம்பு வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்ளும், நாய்க்கும் அது முடியும், பூனைக்கு முடியாது. சில கொழுப்பு அமிலங்களும் அப்படித்தான், மாமிசத்திலிருந்து நேராக வந்தாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே டாரின் என்று ஒரு சத்து. பூனையின் உடம்பு இதைத் தேவையான அளவுக்குத் தயாரிக்காது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயம் வீங்கித் தளர்ந்துவிடும். 1987-ல்தான் இதய வீக்கத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு கண்டுபிடிக்கப்பட்டது, அதுவரை அப்போதைய பாக்கெட் உணவு சாப்பிட்ட பூனைகளே இந்த நோயில் செத்துக்கொண்டிருந்தன. அதன் பிறகு கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின, அந்த நோய் பெருமளவு குறைந்தது. பாக்கெட்டில் எல்லாம் விஷம் என்று சொல்பவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும், குறை இருந்ததும் உண்மை, ஆராய்ந்து திருத்தியதும் உண்மை.

மீனில் டாரின் உண்டுதான். ஆனால் அது தண்ணீரில் கரையும், வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதோடு பாதி போய்விடும். வேகவைக்காமல் கொடுக்கலாமே என்றால், பச்சை மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும், பூனை தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளாடி வலிப்பில் போய் நிற்கும். அப்புறம் சாளை மாதிரி எண்ணெய் மீனை மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஈ தீர்ந்துபோய், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வீங்கிக் கட்டியாகி, தூக்கினாலே பூனை வலியில் கத்தும். மடியிலேயே கிடந்த பூனை திடீரென்று தொட விடாமல் சீறுகிறது என்று கொண்டுவருவார்கள், என்ன சாப்பிடுகிறது என்று கேட்டால் மீன், மீன், மீன்தான்.

மாற்றுவது எப்படி? பட்டினி போட்டால் பசியில் தின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள், நாய்க்கு அது ஓரளவு நடக்கும், பூனையிடம் அந்த விளையாட்டே வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால், அதிலும் குண்டுப் பூனை என்றால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கல்லீரலுக்குப் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். சாளையை வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து, பூனைக்கான ஈர உணவில், அந்தச் சின்ன பௌச்சில் வருகிறதே, அதில் ஒரு ஸ்பூன் கலந்து, மீனுக்குப் பக்கத்தில் வையுங்கள். தொட்டாலே வெற்றி. சோற்றை நிறுத்திவிட்டு மீனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பௌச்சைக் கூட்டிக்கொண்டே போங்கள். சில பூனைகள் ஒரு வாரத்தில் மாறும், சிலது மாதக்கணக்கில் இழுக்கும். வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த உணவில் வாசனை வராது, வாசனை வராததைப் பூனை தொடாது. கடைசியில் வாரம் இரண்டு நாள் கொஞ்சம் மீன் என்ற அளவுக்கு வந்தால் போதும், குமரி மாவட்டத்துப் பூனையிடம் மீனே கிடையாது என்று சொல்ல எனக்கும் மனம் வராது.

உங்கள் பூனை ஆண் என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலர்ந்த உணவில் ஈரம் 10 சதவீதம் அளவுதான், ஈர உணவில் 75 முதல் 80 வரை. பூனை இயல்பிலேயே தண்ணீர் குறைவாகக் குடிக்கும். அதனால் ஒரு வேளையாவது ஈர உணவு இருக்கட்டும், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும். ஆண் பூனை மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்குகிறது, ஒரு சொட்டு வருகிறது அல்லது வரவே இல்லை, கத்துகிறது, அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள். அது சிறுநீர் அடைப்பு. விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாத அவசரம்.

நாங்கள் சுத்த சைவம். வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. இரண்டையும் சைவமாகவே வளர்க்கலாமா?
வாசகி, ஸ்ரீரங்கம்

நாயை வளர்க்கலாம், கவனம் வேண்டும். முட்டை வீட்டுக்குள் வர உங்களுக்குச் சம்மதம் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. அதுவும் ஆகாது என்றால் பனீர், தயிர், நன்றாகக் குழைய வேகவைத்த பருப்பு என்று போனாலும் அமினோ அமிலங்களைச் சரிக்கட்டுவது சிரமம், முழுமையான உணவு என்று போட்டிருக்கும் சைவ நாய் உணவு பாக்கெட்டிலேயே கிடைக்கிறது, அதை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. குட்டி நாய்க்கோ சினை நாய்க்கோ இந்தச் சோதனை வேண்டாம்.

பூனைக்கு முடியாது. இதை மென்மையாகச் சொல்ல வழி தெரியவில்லை. பாலும் தயிர்சாதமும் தின்று வளரும் பூனை உங்களுக்குத் தெரியாமல் பல்லியும் எலியும் பிடித்துத்தான் உயிரோடு இருக்கிறது, ஃபிளாட்டில் பூட்டி வளர்த்தால் அதற்கும் வழியில்லை. பால்கூடப் பல பூனைகளுக்குச் சேராது, வளர்ந்த பிறகு பால் சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடும், வயிற்றால் போகும். வீட்டில் மீன், கறி சமைக்க வேண்டியதில்லை, மூடிய பாக்கெட்டிலிருந்து தனிக் கிண்ணத்தில் கொட்டி, பால்கனியிலோ கொல்லையிலோ வைத்து, கிண்ணத்தைத் தனியாகக் கழுவிக்கொள்ளலாம். அதற்கும் மனம் ஒப்பவில்லை என்றால், இந்தப் பூனை இருக்கும்வரை இதைச் செய்யுங்கள், அடுத்து ஒரு பூனையை எடுக்க வேண்டாம்.

பாக்கெட்டில் சிக்கன் படம் போட்டிருக்கிறான், பின்னால் பார்த்தால் எறும்பு மாதிரி எழுத்தில் ஏதேதோ. ஒன்று கிலோ இருநூறு ரூபாய், ஒன்று எண்ணூறு. எதைப் பார்த்து வாங்குவது?
வாசகர், கோயம்புத்தூர்

படத்தைப் பார்க்காதீர்கள், முன்பக்கத்தையே பார்க்காதீர்கள். பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது "கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு" என்ற சொற்கள், அதோடு எந்த வயதுக்கு என்பது. "காம்ப்ளிமென்டரி" என்றோ "ட்ரீட்" என்றோ இருந்தால் அது நொறுக்குத் தீனி, எவ்வளவு விலையானாலும் அதை மட்டுமே கொடுத்து வளர்க்க முடியாது. ஈர உணவு பௌச்சுகளில் இதைக் கவனிக்காமல் வாங்கி, மாதக்கணக்காக முழுச் சாப்பாடாகப் போடுபவர்கள் நிறைய.

அடுத்தது புரதம். உலர்ந்த பாக்கெட்டில் 32 சதவீதம், பௌச்சில் 10 சதவீதம் என்று இருக்கும், உடனே பௌச்சில் ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவோம். ஈரத்தைக் கழித்துப் பாருங்கள். பௌச்சில் ஈரம் 78 என்றால் மீதி 22, அந்த 22-ல் 10 புரதம், அதாவது 45 சதவீதம். உலர்ந்ததில் ஈரம் 10, மீதி 90-ல் 32, அதாவது 35 சதவீதம் சொச்சம். ஒரே தராசில் வைத்தால் கதை மாறிப்போகிறது பாருங்கள்.

பொருள்களின் பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். முதல் இரண்டு மூன்றில் ஏதாவது ஒரு மாமிசம் இருக்கிறதா, அல்லது சோளம், கோதுமை, அரிசித் தவிடு என்றே வரிசையாகப் போகிறதா என்று பாருங்கள். "மீல்" என்று போட்டிருந்தால் முகம் சுளிக்க வேண்டியதில்லை, உலர்த்தி அரைத்த கறி, புரதம் நிறையவே இருக்கும். "கிரெய்ன் ஃப்ரீ" என்று தானியமே இல்லாததை ஒரு பெருமையாக விற்கிறார்கள், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பட்டாணி, பருப்பு வகைகளை நிறையச் சேர்த்த இந்த மாதிரி உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது, இதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை, ஆனால் தானியத்துக்கு அலர்ஜி இல்லாத நாய்க்கு அதைத் தவிர்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

விலை விஷயத்தில், கிலோ விலையைப் பார்க்காமல் ஒரு நாள் விலையைப் பாருங்கள். 100 கிராமில் எத்தனை கலோரி என்று எழுதியிருப்பார்கள். 350 கலோரி உள்ளது என்றால் பத்து கிலோ நாய்க்கு 180 கிராம் போதும். மலிவானதில் கலோரி குறைவு, செரிக்காமல் போவதும் அதிகம், கிண்ணத்தில் கூடுதலாகக் கொட்டுவீர்கள், வாசலில் கூடுதலாக அள்ளுவீர்கள். அதற்காக எண்ணூறு ரூபாய்ப் பாக்கெட்தான் நல்லது என்று இல்லை. ஓரளவு நடுவில் உள்ள விலையில், முழுமையான உணவு என்று எழுதியிருந்து, உங்கள் நாய்க்குக் கட்டியாக மலம் போய், ரோமம் பளபளப்பாக இருந்தால் அதுவே சரியான பாக்கெட்.

கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து அரைக்கிலோ, ஒரு கிலோ என்று பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கிறார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். எப்போது தயாரித்தது, எப்போது பிரித்தது, எதுவும் தெரியாது. நம் மழைக்காலத்துக்கு ஈரம் பட்ட தானியத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், கல்லீரலை நேராகத் தாக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டிலும் பாக்கெட்டோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டால் அதில் அச்சடித்த தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் போய்விடும். 2007-ல் அமெரிக்காவில் மெலமின் என்ற ரசாயனம் கலந்த கோதுமைப் புரதம் உணவுக்குள் புகுந்து ஏராளமான நாய்களுக்கும் பூனைகளுக்கும் சிறுநீரகம் செயலிழந்தது, அப்போது எந்தப் பாக்கெட் ஆபத்து என்று மக்கள் கண்டுபிடித்தது அந்தத் தேதியையும் எண்ணையும் வைத்துத்தான்.

மூன்று மாத லேப்ரடார் குட்டி. பால், ராகிக் கஞ்சி, குழந்தைக்குக் கொடுக்கும் பவுடர் உணவு கொடுத்தோம். முன்னங்கால் வளைகிற மாதிரி இருக்கிறது. கால்சியம் டானிக் ஊற்றுகிறோம், காலையில் வெயிலில் கட்டிவைக்கிறோம். சரியாகுமா?
வாசகி, மதுரை

முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள் அம்மா, இதைக் கடிதத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. குட்டி நின்றால் மணிக்கட்டு மடங்கி, பாதம் தட்டையாக விரிந்து, விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். படியேறாமல் உட்கார்ந்துகொள்வது, தூக்கினால் கத்துவது இருந்தால் இன்றைக்கே கூட்டிப்போங்கள், எலும்பு மெலிந்த குட்டிக்கு சோபாவிலிருந்து குதித்தால்கூட முறியும்.

வெயில் பற்றி எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். நமக்கு வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகும், நாய்க்கும் பூனைக்கும் அப்படிப் போதுமான அளவு உண்டாகாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். மதுரை வெயிலில் குட்டியைக் கட்டிவைத்தால் அதற்குத் தாகமும் தவிப்பும்தான் மிச்சம்.

பெரிய சாதிக் குட்டிகளுக்கு நான் வீட்டுச் சமையலைப் பரிந்துரைப்பதே இல்லை. வேகமாக வளரும் அந்த மாதங்களில் கால்சியம் குறைந்தாலும் எலும்பு வளையும், கூடினாலும் எலும்பும் மூட்டும் கோணலாகும், குட்டியின் குடலுக்கு வேண்டாததைத் தள்ளிவிடும் சாமர்த்தியம் இன்னும் வந்திருக்காது. பெரிய இன நாய்க்குட்டிகளுக்கென்றே இருக்கும் உணவை வாங்கி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளையாக, பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில் கொடுங்கள். அதைக் கொடுக்க ஆரம்பித்தால் மேலே டானிக் ஊற்றுவதை, உங்கள் மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துத் தொடரச் சொன்னாலொழிய, நிறுத்திவிடுங்கள். குண்டாக்காதீர்கள், விலா எலும்பு கையில் தடவினால் தட்டுப்பட வேண்டும். சீக்கிரம் மாற்றினால் இந்த வயதில் நிறைய குட்டிகளுக்குக் கால் நேராகிவிடுகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

கல்யாணத்தில் மிஞ்சிய பிரியாணியை நாய்க்குப் போடலாமா?
வாசகர், ஆம்பூர்

வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் சீக்கிரம். வேகவைத்துக் கரைந்து போனாலும் அந்தக் குணம் போகாது, சாம்பாரும் குருமாவும் இதே கணக்குதான். வெந்த எலும்பு கடித்தால் கூர்கூராக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும், குத்தாவிட்டாலும் மாவாகிக் கெட்டியாய் அடைத்துக்கொள்ளும். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், இவையும் நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் மிதக்கும் திராட்சை உட்பட.

கறிக்கடையில் கோழிக் கழுத்து, தலை, குடல் மலிவாகக் கிடைக்கிறது. பச்சையாகவே போடுவதுதான் இயற்கை என்று நண்பர் சொல்கிறார்.
வாசகர், சேலம்

மலிவாகக் கிடைப்பதை வாங்குங்கள், ஆனால் வேகவைத்துப் போடுங்கள். கழுத்தை எலும்போடு வேகவைத்தால் மேலே சொன்ன ஆபத்து வரும், அதனால் வெந்த பிறகு சதையை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது குக்கரில் எலும்பு விரலில் மசியும்வரை வேகவிடுங்கள். பச்சைக் கோழியில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும், நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போனாலும் அதன் வாய், மலம் வழியாக உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் பாட்டிக்கும் வரும். பூனைக்குப் பச்சைக் கோழி இன்னும் ஆபத்து. 2024 கடைசியில் நாக்பூர் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் கோழிகளுக்கு வரும் பறவைக் காய்ச்சலில் செத்துப்போயின, பூனைக் குடும்பம் முழுக்கவே இந்தக் கிருமிக்கு எளிதில் பலியாகும்.

ஒரு வேளை பாக்கெட், ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு என்று கலந்து கொடுக்கலாமா?
வாசகி, திருநெல்வேலி

வளர்ந்த நாய்க்குக் கொடுக்கலாம், வேலைக்குப் போகிற பல வீடுகளுக்கு அதுதான் நடைமுறையில் சரிவரும். வீட்டில் செய்வதில் கறியோ முட்டையோ மீனோ கட்டாயம் இருக்கட்டும். மொத்தத்தில் பாதிக்கு மேல் பாக்கெட்டிலிருந்து வந்தால் தாது, வைட்டமின் குறை பெரிதாக வராது. இரண்டையும் முழு அளவு கொடுத்து நாயைக் குண்டாக்கிவிடாதீர்கள், ஒன்றைச் சேர்த்தால் மற்றதைக் குறைக்க வேண்டும். பிஸ்கட், ரொட்டி, சப்பாத்தித் துண்டு எல்லாம் சேர்ந்து நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. பூனைக்கு நாய் உணவைப் பங்கு போட்டுக் கொடுக்காதீர்கள், அதில் பூனைக்கு வேண்டிய டாரின் இருக்காது.

பன்னிரண்டு வயது பொமரேனியன். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் கூடியிருக்கிறது என்றார்கள். புரதமே கூடாது என்று படித்துவிட்டு வெறும் சாதமும் மோரும் கொடுக்கிறோம். மெலிந்துகொண்டே போகிறது, பார்க்கச் சகிக்கவில்லை.
வாசகி, சென்னை

உங்கள் தவிப்பு புரிகிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் கூடுவது பெரும்பாலும் சிறுநீரகம் தளர்வதன் அடையாளம். வெறும் சாதத்தை இன்றோடு நிறுத்துங்கள். சிறுநீரகம் தளர்ந்த நாய்க்கு முதலில் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ், புரதத்தை ஓரளவு குறைத்து நல்ல தரமானதாகக் கொடுக்க வேண்டுமே தவிர அடியோடு நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் உடம்பு தன் சதையையே கரைத்து எரிக்க ஆரம்பிக்கும். நீங்கள் பார்க்கும் மெலிவில் ஒரு பங்கு அதுதான்.

சிறுநீரக நோய்க்கென்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் பாக்கெட் உணவு இருக்கிறது, விலை அதிகம்தான், ஆனால் வீட்டுச் சமையலில் பாஸ்பரஸைக் கணக்கிட்டுக் குறைப்பதைவிட அது பல மடங்கு நம்பகமானது. பசியில்லாமல் அதைத் தொடவில்லை என்றால் லேசாகச் சூடாக்கி வையுங்கள், அதற்கும் அசையாவிட்டால் குமட்டலுக்கு மாத்திரை உண்டு, அதைக் கொடுத்தால் பல கிழ நாய்கள் அன்று மாலையே கிண்ணத்துக்கு வந்துவிடும். எதைத் தின்றாலும் பரவாயில்லை, தின்றால் போதும் என்ற கட்டத்தில் நாய் இருந்தால், கொஞ்சம் சாதத்தோடு அவித்த முட்டை வெள்ளைக்கரு, அதில் பாஸ்பரஸ் மிகக் குறைவு, அதைப் பிசைந்து ஊட்டுங்கள், மருத்துவரைப் பார்க்கும் வரைக்கும்.

வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். போகும்போது ரத்தப் பரிசோதனைத் தாளோடு, கடந்த ஒரு வாரம் நாய் என்ன தின்றது, எத்தனை ஸ்பூன், எத்தனை கிண்ணம் தண்ணீர் குடித்தது, எத்தனை முறை சிறுநீர் போனது என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள், பாஸ்பரஸ் அளவும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.